யாழ்ப்பாணத்தில் வைன், ஊற்று, ஆளரவமில்லாத கடற்கரை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

முடியும். கீரிமலையில் தொடங்கி வசாவிளான், தோலகட்டி, அச்சுவேலி, தொண்டைமானாறு, பருத்தித்துறை என்று போய் மணற்காட்டில் முடியுங்கள். வெந்நீரூற்றுத்தான் வேண்டும் என்றால் அது குடாநாட்டில் இல்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு சின்னக் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. அங்கே வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம், இறங்கிக் குளிக்க முடியாது.

கீரிமலை நீர் குளிர்ந்தது. கேணிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு கட்டுத்தான். அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் நன்னீர். இது எப்படி என்று கேட்காமல் யாரும் திரும்பிவிடக் கூடாது என்பது என் ஆசை. எங்களுக்கு மலை இல்லை. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். பெய்கிற மழை செம்மண்ணில் இறங்கி, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் சேர்ந்து, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அந்த நீர் கடலைத் தேடி வெளியேறும் வாய்களில் ஒன்று கீரிமலை. போகிற வழியில் கொஞ்சம் விலகி நவக்கிரி நிலாவரைக் கிணற்றையும் பாருங்கள். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. அளவுக்கு மேல் இறைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே குளித்துக் குதிரைமுகம் நீங்கப்பெற்றதாகச் சொல்லப்படும் சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையைக் கேட்டு நிறையப் பேர் இங்கே வருகிறார்கள். ஆனால் ஊர்ச் சனத்துக்குக் கீரிமலை என்றால் அந்தியேட்டி என்ற இறந்தோர் கிரியையும் ஆடி அமாவாசையும்தான். இறந்தவர்களுக்குக் கடன் கழிக்க வந்த குடும்பங்கள் கரையில் இருப்பார்கள். அவர்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு கேணி. குளித்துவிட்டு நகுலேஸ்வரத்தில் கும்பிட்டுப் போங்கள்.

அடுத்தது தோலகட்டி. 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய திராட்சை வைனும் நெல்லி ரசமும் ஊரறிந்தவை. இது துறவிகள் வாழும் இடம், சுவைபார்க்கும் கூடம் அல்ல. வாங்கிக்கொண்டு அமைதியாகத் திரும்புங்கள்.

திராட்சை வளர்வதைப் பார்க்கக் குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டங்களுக்குத்தான் போகவேண்டும். செம்மண்ணில் கம்பிப் பந்தல் போட்டுக் கொடியை ஏற்றியிருப்பார்கள். குளிர்நாட்டில் பனிக்காலம் கொடியை உறங்கவைக்கும்; இங்கே அந்த வேலையைக் கத்திரி செய்கிறது. கிளையை வெட்டினால்தான் புதுத் துளிரும் பூவும் வரும், வெட்டி ஏறக்குறைய 4 மாதத்தில் குலை பழுக்கும். அதனால் வருடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை உண்டு. பழுக்கும் நேரத்தில் மாரி மழை பிடித்தால் பழம் வெடிக்கும், பூஞ்சணம் வரும். எப்போது வெட்டுவது என்று கணக்குப் பார்ப்பதுதான் தோட்டக்காரரின் பெரிய கெட்டித்தனம். வேலியில் நின்று "ஐயா, உள்ளுக்கு வரலாமோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

இந்த மண்ணின் உண்மையான மது பனங்கள்ளு என்று நான் நினைக்கிறேன். பருவத்தில் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், பனையோலையில் மடித்த பிளாவில் குடித்தால்தான் அதன் ருசி தெரியும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அதே பாளை புளிக்காத கருப்பநீர் தரும்; குடிக்காதவர்கள் அதைத் தேடிக் குடியுங்கள்.

வசாவிளான் பக்கம் போகும்போது வேகத்தைக் குறையுங்கள். 1990இல் சனம் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கில் காணிகள் போருக்குப் பிறகு இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. கூரையில்லாத வீட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கொத்திய வெங்காயத் தரையைக் காண்பீர்கள். அங்கே திரும்ப வந்து பயிர் வைத்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

தொண்டைமானாற்றில் கடல்நீர் நீரேரிக்குள் ஏறாமலிருக்கக் கட்டிய தடுப்பணையைப் பார்த்துவிட்டுப் பருத்தித்துறையில் வடை வாங்குங்கள். வல்லிபுரம் தாண்டினால் மணற்காடு: மணல்மேடுகள், சவுக்கங்காடு, மணலில் புதைந்த பழைய தேவாலயச் சுவர்கள். 2004 சுனாமி இந்த ஊரைக் கடுமையாக அடித்தது. மேடுகள் அலைக்குத் தடுப்பு, மழைநீருக்குச் சேமிப்பு. மணலை அள்ளிக்கொண்டு போவதைக் காணும்போது எனக்கு வயிறு எரிகிறது.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும். கரையில் நடக்கலாம், கடலில் இறங்கவேண்டாம். மற்ற மாதங்களிலும் கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கடைசிப் பேருந்து நேரத்தைப் பருத்தித்துறையிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.