காற்றடித்தால் கரண்ட் கட்: வட கலிஃபோர்னியா மக்களின் கேள்விகளுக்குப் பதில்

வட கலிஃபோர்னியாவில் கோடை முடிந்து முதல் நல்ல மழை பெய்யும்வரை காட்டுத்தீ பயம்தான். பலத்த காற்று வரும் என்று தெரிந்தால் பி.ஜி. அண்ட் ஈ மின் நிறுவனம் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. இதைப் பற்றி இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு, மின்பாதைகளைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, எங்கள் தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை. எங்களுக்கு ஏன் நிறுத்தினார்கள்?

உங்கள் வீட்டுக்கு வரும் மின்பாதை பல மைல் தள்ளி ஏதோ ஒரு மலையைத் தாண்டி வருகிறது. அங்கே டையாப்லோ காற்று எனப்படும் வறண்ட மலைக்காற்று அடித்தால் இங்கேயும் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அந்தக் காற்று மலையிறங்கும்போதே சூடேறி, ஈரப்பதத்தையெல்லாம் இழந்துவிடும். கீழே காய்ந்த புல். ஒரு பொறி போதும்.

2018 நவம்பர் 8 அன்று வட கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்ததில் 85 பேர் இறந்தார்கள். பி.ஜி. அண்ட் ஈயின் உயர் மின்கோபுரத்தில், ஏறக்குறைய நூறு வருடம் பழைய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததுதான் தொடக்கம். 84 பேரின் சாவுக்கான குற்றச்சாட்டுகளை நிறுவனமே 2020இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதனால் காற்று நாளில் மின்சாரத்தை நிறுத்துவது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் தேய்ந்த கொக்கியை மாற்றாமல் விட்டதற்கு இது ஈடாகாது.

காற்று காலையிலேயே நின்றுவிட்டது. இரவுவரை கரண்ட் வரவில்லையே?

சுவிட்சைப் போட்டால் வந்துவிடாது. நிறுத்திய பாதை முழுவதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். கிளை விழுந்து கம்பி தொங்குகிற இடத்தில் மின்சாரத்தைத் திறந்துவிட்டால் எதற்குப் பயந்தோமோ அதுவே நடக்கும். ஹெலிகாப்டரிலும் நடந்தும் பார்க்கிறார்கள், பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில். காற்று அடங்கி 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது இலக்கு.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் (ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்) இல்லாமல் முடியாது. என்ன செய்வது?

அம்மா, இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவ இயந்திரத்தை நம்பியிருப்பவர்களுக்கான பி.ஜி. அண்ட் ஈயின் 'மெடிக்கல் பேஸ்லைன்' திட்டத்தில் உடனே பதிவு செய்யுங்கள். மின்கட்டணமும் குறையும், நிறுத்துவதற்கு முன் கூடுதலாக எச்சரிக்கையும் வரும். நீங்கள் பதிலளிக்காவிட்டால் வீட்டுக்கே வந்து தகவல் சொல்வார்கள். ஆனால் பதிவு செய்துவிட்டால் உங்களுக்கு மட்டும் கரண்ட் நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள். நிற்கும்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். 1,000 வாட்-மணி பேட்டரி மூன்று மணி நேரம் வருவதே கஷ்டம். அதனால் இயந்திரம் கொடுத்தவர்களிடம் ஆக்சிஜன் சிலிண்டர் கேட்டு வாங்கி வையுங்கள், அதற்குக் கரண்ட்டே வேண்டாம். எத்தனை மணி நேரம் வரும், எப்படி மாட்டுவது என்று அவர்கள் எதிரிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். அப்புறம், கரண்ட் இருக்கும் ஊரில் எந்த உறவினர் வீட்டுக்குப் போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

ஜெனரேட்டர் வாங்கி வீட்டு பிளக்கில் சொருகிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். சரியா சார்?

தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொருகும் மின்சாரம் வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பியில் நிற்கும். கரண்ட் இல்லை என்று நம்பி அதில் கைவைக்கும் லைன்மேன் பிழைக்கமாட்டார். எலக்ட்ரீஷியனை வைத்து, வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேட்டரோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடுங்கள். இல்லையென்றால் ஃப்ரிட்ஜை நேராக ஜெனரேட்டரில் மாட்டுங்கள். கராஜ் கதவைத் திறந்துவைத்தால்கூட உள்ளே ஓட்டக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள்.

சோலார் இருந்தும் வீடு இருட்டாக இருக்கிறதே?

இதற்கும் அதே லைன்மேனின் பாதுகாப்புதான் காரணம். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், வெளியே கரண்ட் நின்றதும், சோலார் மின்சாரத்தை வீட்டுக்கேற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்த மாவு, குழம்பு எல்லாம்?

திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். இறைச்சி, பால், குழம்பு விஷயத்தில் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கரண்ட் இல்லாதபோது தீ வந்தால் காரை எப்படி எடுப்பது?

கராஜ் கதவு மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கதவு மூடியிருக்கும்போது அதை இழுத்தால் மோட்டாரிலிருந்து கதவு விடுபடும், பிறகு கையால் தூக்கலாம். 2017இல் வட கலிஃபோர்னியாவில் பரவிய தீயில் கதவைத் திறக்க முடியாமல் இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கராஜ் மோட்டார்களில் பேட்டரி கட்டாயம். பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் வீட்டில் பெரியவர்களையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கதவு கனமாக இருந்தால் அவர்களால் தூக்க முடியாது, அதையும் இன்றே தெரிந்துகொள்வது நல்லது.

கம்பிகளை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தீர்ந்ததே, ஏன் செய்யவில்லை?

10,000 மைல் புதைப்பதாக 2021இல் அறிவித்தார்கள். ஒரு மைலுக்கு மில்லியன் கணக்கில் டாலர் ஆகும், அது நம் மின்கட்டணத்தில்தான் வந்து ஏறும். கம்பத்திலேயே உறை போட்ட கம்பி மலிவு, சீக்கிரமும் முடியும். எங்கே புதைப்பது, எங்கே உறை போதும் என்பதை மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விசாரிக்கும்போது நாமும் பேசலாம். உங்கள் பகுதிப் பாதை எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்று அங்கே கேளுங்கள்.