உமிக்கரி நமக்கு இருக்கட்டும், நாய்க்கு வேணாம்: டாக்டரம்மா பதில்கள்

போன இதழ்ல உண்ணியப் பத்தி எழுதுனேன்ல, அதுக்கு வந்த கடுதாசில பாதிக்கு மேல நாயோட பல்லைப் பத்திதான் கேட்டிருக்கீங்க. சரி, இந்த தடவை முழுக்க வாய்தான்.

எங்க மணிக்கு அஞ்சு வயசு, நாட்டு நாய். ஒரு வருஷமா பக்கத்துல வந்து மூச்சு விட்டாலே குடலப் பொரட்டுது. "நாய் வாய் நாறாம மல்லியப்பூவா மணக்கும்"ங்கறாங்க மாமியார். அந்தக் காலத்துல அவங்க தேய்ச்ச மாதிரி உமிக்கரியும் கல்லுப்பும் வச்சு மணிக்கும் தேய்ச்சு விடட்டுமா டாக்டரம்மா? (வாசகி, திருவையாறு)

மல்லியப்பூ மணக்காது, அதுல மாமியார் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா குடலப் பொரட்டுற அளவுக்கு நாறுச்சுன்னா அது நாயோட குணம் இல்லம்மா, ஈறுல நோய். மணி தூங்கி எழுந்து சொகமா இருக்கறப்ப மேல் உதட்ட பின்பக்கமா லேசா தூக்கிப் பாருங்க, கடைவாய்ல மலை மாதிரி ஒரு பெரிய பல்லு இருக்கும், அதுல ஈறு ஓரமா மஞ்சளாவோ காப்பிக்கொட்டை நெறத்துலயோ பொருக்கு ஒட்டியிருக்கும், ஈறு ரோஸ் கலர் இல்லாம செக்கச்செவேல்னு கோடு போட்ட மாதிரி இருக்கும். நான் பாக்காமலே சொல்றேன், அப்படித்தான் இருக்கும். (சில நாய்க்கு ஈறே கருப்பா இருக்கும், அது பிறவி நெறம், பயப்படாதீங்க.)

நடக்கறது இதுதான். சாப்பிட்டதும் பல்லு மேல வழவழன்னு ஒரு படலம் படியுது, அது முழுக்க கிருமி. துடைச்சா போயிடும். துடைக்கலன்னா ரெண்டு மூணு நாள்ல எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச்சத்து அதுல எறங்கி கல்லாயிடும். போர் தண்ணிய காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா பொருக்கு படியுதுல்ல, அதே கதை. நம்ம எச்சில விட நாயோட எச்சில்ல காரத்தன்மை ஜாஸ்தி, அதனால நமக்கு வர்ற மாதிரி சொத்தைப்பல் அதுக்கு ரொம்ப வராது, ஆனா காரை சீக்கிரம் கட்டும். அந்தக் காரைக்கு அடியில கிருமி பூந்து ஈற அரிச்சு, பல்லப் பிடிச்சிருக்கற எலும்பையும் கரைச்சு, கடைசில பல்லே ஆடும். மூணு வயசு தாண்டுன நாய்ங்கள்ல பெரும்பாலானதுக்கு ஏதோ ஒரு அளவுல இது இருக்கு.

இப்ப உமிக்கரி. நடவு வயல்லயும் களை எடுக்கறப்பவும் நெல்லுத் தாள் கையில கோடு கோடா அறுக்கும் பாருங்க, அந்த அறுப்புக்குக் காரணம் சிலிக்கா, மணல்ல இருக்கற அதே சரக்கு. உமியில அது இன்னும் ஜாஸ்தி, உமிய எரிச்சா மிஞ்சுற சாம்பல்ல முக்காவாசிக்கு மேல அதான். அத வச்சு தேய்ச்சா பல்லு பளிச்சுனு ஆகும், ஏன்னா எனாமல சேத்து தேய்ச்சு எடுக்குது. நாயோட எனாமல் நம்மளத விட ரொம்ப மெலிசு, தேஞ்சா திரும்ப வளராது. உப்பு கேக்கவே வேணாம், நம்ம கொப்புளிச்சு துப்பிடுவோம், மணி துப்புமா? அத்தனையும் வயித்துக்குள்ளதான்.

இன்னொண்ணு, ஏற்கனவே கல்லாயிட்ட காரைய எந்தத் துணியும் எந்தப் பொடியும் எடுக்காது. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி சுத்தம் பண்ணிட்டு, அப்பறம் வீட்டுல பாத்துக்கறதுதான் வழி.

ப்ரஷ் வாங்கி வச்சு ஆறு மாசம் ஆச்சு டாக்டர். வாய்ல வச்சாலே கடிக்க வருது. நாலு பேரு புடிச்சுதான் தேய்க்கணுமா? (வாசகர், மன்னார்குடி)

நாலு பேரு புடிச்சீங்கன்னா அதோட முடிஞ்சுது கதை, அப்பறம் ப்ரஷ்ஷ எடுத்தாலே கொல்லைப்பக்கம் ஓடிடும். எங்க வீட்டு கறுப்பிகிட்ட நானே இந்தத் தப்ப பண்ணேன், டாக்டராச்சேங்கற திமிருல மொத நாளே ப்ரஷ்ஷ வாய்ல விட்டேன், ரெண்டு மாசம் என் கையப் பாத்தாலே தலைய திருப்பிக்கிட்டா.

அப்பறம்தான் ஒழுங்கா ஆரம்பிச்சேன். மொத மூணு நாலு நாள் வெறும் உதட்ட தூக்கறது, விடறது, ஒரு துண்டு அவிச்ச கோழி குடுக்கறது, அவ்ளோதான். அடுத்து கோழி வேகவச்ச தண்ணிய (உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் போடக்கூடாது) விரல்ல தொட்டுக்கிட்டு பல்லு மேல தடவுனேன். அவளுக்கு அது தீனி, எனக்கு அது பாடம். ஒரு வாரம் கழிச்சு பழைய வேட்டித் துணிய கிழிச்சு ஆள்காட்டி விரல்ல சுத்தி அதே தண்ணில நனைச்சு தேய்ச்சேன். கடைசியாதான் ப்ரஷ். சின்னப் பசங்களுக்குன்னு விக்கற மெத்து மெத்துனு இருக்கற ப்ரஷ் போதும், விரல்ல மாட்டுற ரப்பர் ப்ரஷ்ஷும் மெடிக்கல்ல கெடைக்குது. மொத்தம் மூணு வாரம் ஆச்சு.

வாயப் பொளக்கவே வேணாம், இதுதான் பாதி பேருக்குத் தெரியல. வாய மூடி வச்சே உதட்ட மட்டும் ஒதுக்கி வெளிப்பக்கம் தேய்ச்சா போதும், உள்பக்கத்த அதோட நாக்கே ஓரளவு பாத்துக்கும். ப்ரஷ்ஷ சாய்வா புடிச்சு பல்லும் ஈறும் சேர்ற எடத்துல சின்னச் சின்னதா வட்டம் போடுங்க. முக்கியமா அந்த மேல் கடைவாய் பெரிய பல்லு, எச்சில் சுரக்குற குழாய் அதுக்கு நேராதான் தொறக்குது, அதனால காரை மொதல்ல கட்டுறதும் அங்கதான். நேரம் கம்மியா இருந்தா ரெண்டு பக்கமும் அந்தப் பல்லையும் கோரைப்பல்லையும் மட்டுமாவது தேய்ச்சிடுங்க. பக்கத்துக்கு அரை நிமிஷம். மொதல்ல துணில லேசா ரத்தம் வரும், வீங்குன ஈறுன்னா வரத்தான் செய்யும், தெனம் தேய்ச்சா நின்னுடும், ரெண்டு வாரம் ஆகியும் நிக்கலன்னா காட்டுங்க.

தெனம் பண்றதுதான் சரி. அறுவடை நேரத்துல முடியாதுன்னு எனக்கும் தெரியும், ஒண்ணு விட்டு ஒரு நாளாவது பண்ணுங்க, வாரத்துக்கு ஒருக்கான்னா அதுக்குள்ள காரை கட்டிடும். உறுமுச்சுன்னா அங்கயே நிறுத்திடணும், வீராப்பு வேணாம். வழக்கமா சாதுவா இருக்கற நாய் வாயத் தொட்டதும் உறுமுதுன்னா அங்க எங்கயோ வலிக்குதுன்னு அர்த்தம்.

நம்ம பேஸ்ட்டையே கொஞ்சூண்டு வச்சா என்ன? நாய் பேஸ்ட் வெலையப் பாத்தா மயக்கம் வருது. (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

வேணவே வேணாம் பாப்பா. நம்ம பேஸ்ட்ல ஃப்ளோரைடும் நொர வர்ற சரக்கும் இருக்கு, முழுங்குனா வயிறு கெடும். அதவிட பயம் சைலிட்டால், சர்க்கரைக்குப் பதிலா சில பேஸ்ட்லயும் சுகர் ஃப்ரீ சூயிங்கம்லயும் போடறது. நமக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்கு அது வெஷம். உள்ள போன அரை மணி, ஒரு மணி நேரத்துலயே ரத்தத்துல சர்க்கரை படார்னு எறங்கி தள்ளாடும், வலிப்பு வரும், ஈரல் கெட்டுப்போகும். தின்னுடுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷம் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

வெலைக்குப் பயந்தா பேஸ்ட்டே வேணாம், வெறும் தண்ணி போதும். சுத்தம் பண்றது பேஸ்ட் இல்ல, தேய்க்கற தேய்ப்புதான், பேஸ்ட்டு வாசனைக்கும் ருசிக்கும்தான் பாதி வேலை செய்யுது. தேங்கா எண்ணெய் தடவலாமான்னும் நாலு பேரு கேட்டிருக்கீங்க, ஒரு சொட்டு தொட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது, அதுவே மருந்துன்னு நெனைக்காதீங்க. சோடா உப்பு, கிராம்பு எண்ணெய் ரெண்டும் கிட்டக்க கொண்டு போகாதீங்க.

எலும்பு கடிச்சா பல்லு தானா சுத்தமாயிடும்னு எங்க அய்யா சொல்லுவாரு. ஞாயித்துக்கெழமைக்கு நல்லி எலும்பு போட்டுதான் வளத்தோம். அது தப்பா? (விவசாயி, வலங்கைமான்)

அய்யா சொன்னதுல கொஞ்சம் உண்மை இருக்குங்க, கடிக்கறப்ப காரை ஒரசி உதிரும்தான். ஆனா வரவ விட செலவு ஜாஸ்தி. அந்தப் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு கத்திரிக்கோல் மாதிரி வேலை, சதைய அறுக்கறதுக்குன்னு இருக்கு. அத வச்சு நல்லி எலும்ப ஒடைக்கப் பாத்தா பல்லு பக்கவாட்டுல சில்லு சில்லா பேந்துடும். வெளில பாத்தா ஒண்ணும் தெரியாது, நாயும் அழாது, சோறு திங்கும், வாலாட்டும். ஒரு நாள் திடீர்னு கண்ணுக்குக் கீழ வீங்கி சீழ் வடியும், குளவி கொட்டுச்சுன்னு நெனச்சு சுண்ணாம்பு தடவிட்டு கூட்டிட்டு வருவாங்க, உள்ள பாத்தா பல்லு வேர்ல சீழ் கட்டியிருக்கும். அந்த வீக்கம் ஊசிக்கு வத்தும், பல்லுக்கு வைத்தியம் பண்ணாம திரும்பத் திரும்ப வரும்.

வேகவச்ச கோழி எலும்பு இன்னும் மோசம், ஊசி மாதிரி பொளந்து தொண்டை, குடல் எங்க வேணா குத்தும். கட்டிப்போட்ட நாய் போரடிச்சு சங்கிலியையும் கூண்டுக் கம்பியையும் கடிக்கறதும் அதே கேடுதான், கோரைப்பல்லு பாதியா தேஞ்ச நாய்ங்கள நான் நெறைய பாத்திருக்கேன், அதுக்கு வைத்தியம் ரெண்டு வேளை அவுத்து நடக்க விடறது.

கடிக்கறதுக்கு என்ன குடுக்கலாம்னா கட்டைவிரல் நகத்தால அழுத்துனா லேசா பள்ளம் விழணும், விழலன்னா அது பல்லுக்கு மேல கெட்டி. பச்சை கேரட் குடுங்க, ரப்பர் பொம்மை குடுங்க. கடையில விக்கற டென்டல் ஸ்டிக் வாங்குறதா இருந்தா அட்டையில வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கான்னு பாருங்க, வெட்டரினரி ஓரல் ஹெல்த் கவுன்சில்னு ஒரு அமைப்பு, சோதனை முடிவுகளப் பாத்துட்டு குடுக்கறது. முத்திரை இல்லாததுல பாதி வெறும் மாவு.

பொமரேனியன் குட்டி, ஏழு மாசம். கோரைப்பல்லு ரெட்டையா தெரியுது. அதிர்ஷ்டமாம், நெசமா? (வாசகி, மயிலாடுதுறை)

அதிர்ஷ்டம் இல்லம்மா, பால் பல்லு விழாம நிக்குது. குட்டிக்கு 28 பால் பல்லு, அது விழுந்து ஆறு ஏழு மாசத்துக்குள்ள 42 பல்லு வந்துடணும். சின்ன ஜாதி நாய்க்கு இப்படி ஒட்டிக்கிட்டு நிக்கறது சகஜம், ரெண்டுக்கும் இடுக்குல சோறு மாட்டி அழுகும், புதுப் பல்லும் கோணிக்கும். எடுத்துடணும், கருத்தடை பண்ண மயக்கம் குடுக்கறப்பவே சேத்து எடுத்துக்கலாம்.

நேத்துலேந்து எங்க நாய் வாய்லேந்து எச்சிலா ஒழுகுது, வாய மூட முடியல, முன்னங்காலால மூஞ்சிய பிராண்டுது. மீன் தலை போட்டோம், முள்ளு மாட்டிருக்குமோ? கைய விட்டு எடுக்கலாமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

இந்தக் கேள்விக்கு போன்லயே பதில் சொல்லிட்டேன், ஆனா எல்லாரும் படிக்கணும்னு போடறேன். கைய விடாதீங்க. முள்ளா இருக்கலாம், கெளுத்தி முள்ளு மேல் அண்ணத்துல குத்தி நிக்கறதும், எலும்புத் துண்டு ரெண்டு பக்கக் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல பாலம் மாதிரி குறுக்க மாட்டறதும் நாங்க அடிக்கடி பாக்கறதுதான். ஆனா தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, முழுங்க முடியாம, கொரல் மாறியிருந்தா அது வெறிநோயாவும் இருக்கலாம். தொண்டையில எலும்பு மாட்டிருக்குன்னு நெனச்சு கைய விட்டு எச்சில் பட்டவங்க கதை எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அந்த நோய் மனுஷனுக்கு அறிகுறி காட்ட ஆரம்பிச்சா அப்பறம் காப்பாத்தறது நடக்காத காரியம்.

அதனால நாய தனியா கட்டிட்டு டாக்டருக்கு சொல்லுங்க. ஏற்கனவே கைய விட்டுட்டீங்கன்னா, கடி பட்டிருந்தாலும் கீறல்ல எச்சில் பட்டிருந்தாலும், சோப்பு போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி ஊசி போட்டுக்கங்க. வெறிநாய் தடுப்பூசி வருஷா வருஷம் போடாத நாய்க்கு பல்லு தேய்க்க நான் யாருக்கும் சொல்லிக்குடுக்கறது இல்ல, மொதல்ல ஊசி, அப்பறம்தான் ப்ரஷ்.

ஒம்பது வயசு லேப்ரடார். காரை எடுக்க மயக்கம் குடுக்கணும்னாங்க. பயமா இருக்கு. ஒருத்தர் வீட்டுக்கே வந்து மயக்கமில்லாம சுரண்டி விடறேங்கறாரு. (வாசகர், தஞ்சாவூர்)

பயம் நியாயம்தான். ஆனா அவரு சுரண்டறது கண்ணுக்குத் தெரியற வெளிப்பக்கம் மட்டும், நோய் இருக்கறது ஈறுக்கு அடியில, முழிச்சிருக்கற நாய் அங்க கருவி வைக்க விடாது. சுரண்டுன பல்ல பாலிஷ் பண்ணாம விட்டா சொரசொரப்புல காரை இன்னும் வேகமா கட்டும். சுவத்துல ஓதம் ஏறுறப்ப மேல வெள்ளையடிச்ச மாதிரிதான்.

ரத்தப் பரிசோதனை எடுத்து கிட்னி, ஈரல் ரெண்டும் பாத்துட்டு, இதயத்தையும் கேட்டுட்டு, முன்னாடி ராத்திரி சோறு போடாம கூட்டிட்டுப் போங்க. வயசு மட்டுமே தடை இல்ல. பக்கத்துல வசதி இல்லன்னா ஒரத்தநாட்டுல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க விசாரிங்க. வலிக்குதேன்னு வீட்டுல கெடக்கற பாராசிட்டமால், ப்ரூஃபன் குடுத்துடாதீங்க சார், அந்த மாத்திரையால வர்ற கேச பாக்கறதுதான் எனக்கு ரொம்ப கஷ்டம்.

எங்க கெழட்டு நாய்க்கு பதினோரு பல்லு எடுத்துட்டாங்க. இனிமே எப்படி சாப்பிடும்? (வாசகி, பாபநாசம்)

சாப்பிடும்மா, ஜோரா சாப்பிடும். நாய் நம்மள மாதிரி மென்னு திங்கற சாதி இல்ல, அள்ளி முழுங்கற சாதி. பத்து நாளைக்கு குழைய வடிச்ச சோத்துல கோழிய நார் நாரா பிச்சுப் போட்டு வெதுவெதுப்பா குடுங்க, தையல் ஆறட்டும். எங்க தெருமுனை டீக்கடையில ஒரு கெழவன் இருக்கான், வாய்ல மொத்தமே நாலு பல்லு, காலைல பன்னு போட்டா கடைக்காரர் கைய இழுக்கறதுக்குள்ள காணாம போயிடும்.

மிச்சப் பல்ல மட்டும் துணியால தெனம் தொடைங்க.