ஒரே ஆண்டு, வேறு அச்சு: நாணயம் சேகரிப்போர் கேள்வி – பதில்

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தமையனார், “மேல் கனடா” (இன்றைய ஒன்ராறியோ) வங்கி வெளியிட்ட 1854ஆம் ஆண்டுப் பென்னி ரோக்கன்கள் (சில்லறைக்குப் பதிலாகப் புழங்கிய செப்புக் காசுகள்) இரண்டை அனுப்பியிருக்கிறார். இரண்டிலும் படங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் ஆண்டின் கடைசி இலக்கமான 4 மட்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று போலியாக இருக்குமா? (வாசகி, கோப்பாய்)

பதில்: அந்த வேறுபாட்டை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. இந்த ரோக்கன்கள் 1850, 1852, 1854, 1857 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி வந்தவை. 1854ஆம் ஆண்டுக்குரியவை பேர்மிங்ஹாமில் ஹீற்றன் நிறுவனத்தாரால் அடிக்கப்பட்டவை. அக்காலத்தில் புனித ஜோர்ஜ் குதிரைமீதிருந்து பறவை நாகத்தை (டிராகனை) குத்துவது போன்ற பெரிய உருவத்தை ஒரே மூலத்திலிருந்து பல அச்சுகளில் (காசு அடிக்கும் உருக்குக் கட்டைகளில்) இறக்குவார்கள். எழுத்துகளையும் இலக்கங்களையும் பெரும்பாலும் தனித்தனி உளிமுத்திரையால் கையாலேயே பதிப்பார்கள். ஆகவே உருவத்தில் வேறுபாடு தேடி நேரத்தைச் செலவிடாமல், கைபட்ட இடங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

குதிரைக்குக் கீழே உள்ள ஆண்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 4இன் கிடைக்கோடு வலப்புறத்தில் வெறுமனே முடிந்தால் அது சாதாரண நான்கு. அக்கோட்டின் நுனியில் சின்னஞ்சிறு நிமிர்ந்த கோடொன்று குறுக்கே நின்றால் அது குறுக்குக்கோட்டு நான்கு. இரண்டும் அங்கீகரிக்கப்பட்ட அச்சு வகைகளே. இரண்டாவது அரிதாகக் கிடைப்பது. அரைப் பென்னியிலும் இதே இரு வகைகள் உண்டு. ஆனால் அந்த நுனி தேய்ந்துபோன ரோக்கனைச் சாதாரண நான்கு என்று எழுதிவைக்கும் அவசரம் நம்மவரிடம் அதிகம். பக்கத்திலுள்ள 1, 8, 5 ஆகியவற்றின் ஓரங்கள் கூர்மையாக இருந்தால் மட்டுமே 4இன் சாட்சியத்தை நம்பலாம்.

கேள்வி: “பூங்கொத்துச் சூ” எனப்படும் ரோக்கன்களில் எத்தனையோ வகைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: இலைகளை எண்ணுவதிலிருந்து. சூ என்பது அரைப் பென்னிக்கு அங்கு வழங்கிய பிரெஞ்சுப் பெயர். 1830களில் “கீழ்க் கனடா”வில் (இன்றைய கியூபெக்) சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்ப வந்த இந்தச் செப்புக் காசுகளின் ஒரு பக்கத்தில் ரோசா, முட்செடிப் பூ, மூவிலை, கோதுமைக் கதிர் ஆகியவை சேர்ந்த கொத்தும், மறுபக்கத்தில் இலைமாலைக்குள் பெறுமதியும் இருக்கும். மாலையிலுள்ள இலைகளின் எண்ணிக்கை, கொத்திலுள்ள மூவிலைகளின் எண்ணிக்கை, கட்டிய நாடாவின் வடிவம் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே எழுத்துகளைப் பார்க்க வேண்டும். ஒரு முன்பக்க அச்சு பல பின்பக்க அச்சுகளோடு சேர்ந்து அடிக்கப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் வைத்து இன்ன வகை என்று முடிவுகட்டினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும்.

ஒரு வகையை மட்டும் எண்ணாமலே கண்டுகொள்ளலாம். மக்கள் வங்கி என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் கொண்ட மொன்றியல் வங்கியொன்றின் சூவில், மாலையின் ஒரு பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரமும் மறுபக்கத்தில் விடுதலையின் குறியான தொப்பியும் செருகப்பட்டிருக்கின்றன. பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த 1837ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்மீது பரிவு கொண்ட வங்கி ஊழியர் ஒருவர் சொல்லி இது செய்யப்பட்டதாகக் கூறுவார்கள். அதனால் “கிளர்ச்சிச் சூ” என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கேள்வி: என்னிடமுள்ள மேல் கனடா வங்கி ரோக்கன் ஒன்றில் விளிம்பிலிருந்து குதிரையின் கால் வரை ஒரு கோடு ஓடுகிறது. இது தனி வகையா? (வாசகர், நல்லூர்)

பதில்: நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். கோடு மேடாக நின்றால் அச்சிலேயே வெடிப்பு இருந்தது. பள்ளமாக இருந்தால் பின்னர் எவரோ கீறியது. முன்னையது சுவையானதுதான், என்றாலும் அது தனி வகையன்று, அதே அச்சு மூப்படைந்த நிலை மட்டுமே. விற்பவர்கள் வெடிப்பையும் தனி வகையையும் ஒன்றாக்கி விலை கூட்டுவார்கள்.

கேள்வி: 1382 என்று ஆண்டு பொறித்த நோவா ஸ்கோஷியா (கனடாவின் கிழக்கு மாகாணம்) அரைப் பென்னி உண்டா? (மாணவர், மானிப்பாய்)

பதில்: உண்டு. 1832ஆம் ஆண்டு ரோக்கனை அக்காலத்திலேயே கள்ளமாக அடித்தவர்கள் 8ஐயும் 3ஐயும் இடம்மாற்றிப் பதித்துவிட்டார்கள். உண்மையான 1832 ரோக்கனிலும் ஒரு விநோதம் உண்டு: 1830இலேயே இறந்துவிட்ட பிரித்தானிய மன்னர் நான்காம் ஜோர்ஜின் தலையே அதில் இருக்கிறது. கள்ளக்காசாயினும் 1382ஐ இன்று சேகரிப்போர் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

கேள்வி: செம்பு கறுத்துவிட்டது. பழப்புளி போட்டுத் துலக்கலாமா? (வாசகி, உரும்பிராய்)

பதில்: குத்துவிளக்குக்குப் போடுங்கள், ரோக்கனுக்கு வேண்டாம். புளியின் அமிலம் கறுப்போடு மேற்பரப்பையும் அரித்துவிடும். மேலே சொன்ன 4இன் நுனிக்கோடு போன்றவைதான் முதலில் மழுங்கும். மண் ஒட்டியிருந்தால் வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.