நர்சம்மா பதில்கள்: பெருங்காய டப்பாவில் 62 மாத்திரை

கேள்வி: எனக்கு 23 வயது. முதல் பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. "இனிமேல் சோற்றைக் குறை, பிள்ளை பெருத்தால் ஆபரேஷன்தான்" என்கிறார் மாமியார். வளைகாப்புக்கு வந்த என் அம்மாவோ "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று தட்டில் கொட்டுகிறார். போன வாரம் பார்த்ததில் ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.4. யார் பேச்சைக் கேட்பது?
(பல்லடம் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் பாதிப் பாதி கேள், கண்ணு. மாமியார் சொல்வதில் "ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடாதே" என்ற பாதி சரி. அம்மா சொல்வதில் "கூடச் சாப்பிடு" என்ற பாதி சரி. ஆனால் ரெண்டு பேருக்கான சாப்பாடெல்லாம் தேவையில்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது கணக்கு. ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான் அது.

சோற்றைக் குறைத்தால் பிள்ளை சின்னதாகி சுலபமாக வெளியே வந்துவிடும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடைசி இரண்டு மாதத்தில்தான் பிள்ளை வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் ஏறும். அதை நிறுத்தினால் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே ஒரு பிள்ளையைப் பெற்று, அதற்குச் சூடு காட்டவும் பால் புகட்டவும் நீ அலைய வேண்டும். ஆபரேஷனுக்குக் காரணம் தேடினால் பிள்ளை திரும்பியிருக்கும் விதம், பிரஷர், பிள்ளையின் இதயத் துடிப்பு என்று பல இருக்கும். சோற்றின் மேல் பழி போடுவது நியாயமில்லை. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பது பெரும்பாலும் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால்தான். குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்களே, அந்த ரிசல்ட்டை எடுத்துப் பார். 140-ஓ அதற்கு மேலோ இருந்தால் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்.

எனக்குக் கவலை உன் சோறு அல்ல, அந்த 9.4. குறைந்தது 11 இருக்க வேண்டும். சுகப்பிரசவத்திலேயே கால் லிட்டர், அரை லிட்டர் ரத்தம் போகும். பதினொன்றில் இருப்பவள் அதைத் தாங்கி எழுந்து உட்காருவாள். ஒன்பதில் இருப்பவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுத்தேன், ரத்தம் மட்டும் ஏறவே இல்லை. ஒன்பதாம் மாதம் வீட்டுக்குப் போனபோது மோர் கொடுத்தாள். "கொஞ்சம் பெருங்காயம் போடு" என்று நானே எட்டி டப்பாவை எடுத்தேன். உள்ளே பெருங்காயமில்லை, என் மாத்திரைகள். எண்ணினேன், 62. "சாப்பிட்டா வெளிக்குக் கறுப்பாப் போகுதுங்க, பிள்ளையும் கறுப்பாயிடும்னு அமுச்சி சொன்னாங்க" என்றாள். வெளிக்குக் கறுப்பாகத்தான் போகும், அது இரும்பு. பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். எப்படிச் சாப்பிடுகிறாய்? டீயோடு விழுங்கினால் பாதி வீண். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடாதே, வேறு வேளைக்கு மாற்று. இரும்பு மாத்திரையோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் உடம்பு நன்றாக இழுத்துக்கொள்ளும். 9.4-க்கு ஒரு மாத்திரை போதுமா, இரண்டா, ஊசியா என்பதை இந்த வாரமே போய்க் கேள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தைவிட நல்லது எது? பருப்பை மட்டும் தாராளமாகப் போடு. முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு முட்டை, ராகிக் களி. வயிறு மேலே முட்டி நெஞ்செரிச்சல் வருகிற மாதம் இது, அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள். சாப்பிட்டதும் படுக்காதே. அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சையும் நெய்யும் இருக்கும், அது உனக்கு. வந்த விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 38 வாரம். இரண்டு தடவை வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடி, சூட்டு வலி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது. விளக்கெண்ணெய் கொடுத்தால் வலி எடுக்கும் என்கிறார்களே?
(தாராபுரம் வாசகி)

பதில்: வெட்கப்படாதீர்கள் அம்மணி, பத்துத் தடவை போனாலும் போகலாம். வலி வந்தால் நம் பாட்டிமார் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அடங்கினால் சூட்டு வலி. அதில் அர்த்தம் இருக்கிறது: தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, கொஞ்சம் நடந்தோ ஒருக்களித்துப் படுத்தோ பார்த்தால் பொய் வலி தணியும். நிஜ வலி தணியாது. இடுப்பின் பின்புறம் ஆரம்பித்து முன்னால் சுற்றிக்கொண்டு வரும், இடைவெளி குறையும், வலு கூடும். முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நடந்தால் கிளம்பலாம். வீடு தோட்டத்துக்குள் தள்ளி இருந்தால் இன்னும் முன்பே.

இந்த மணிக்கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே ஓட வேண்டியவை: பனிக்குடம் உடைவது, அதிலும் தண்ணீர் பச்சையாக இருந்தால், ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, விடாத தலைவலியும் கண் மங்குவதும். கடைசி இரண்டும் பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

விளக்கெண்ணெயைத் தொடாதீர்கள். பேதி பிடுங்கி, உதடு காய்ந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு அதற்கு முன்னாலேயே போய்விடும்.

ஆஸ்பத்திரிப் பையில் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கொடுத்த எண்) எழுதிய அட்டை, ரத்த வகை ரிப்போர்ட், ஸ்கேன், ஆதார் முதலில் போகட்டும். அப்புறம் பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து வெயிலில் காயப்போட்டுக் கிழித்து, பிள்ளையைச் சுற்ற நாலைந்து துண்டு. புதுச் சட்டை வாங்கி வைத்திருந்தால் அது போட்டோவுக்கு.

கேள்வி: நான் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். என் பங்குக்கு என்ன செய்யலாம்?
(திருப்பூர் வாசகர்)

பதில்: கேட்டதே பெரிது தம்பி. ராத்திரி கூப்பிட்டால் வருகிற ஒரு ஆட்டோக்காரரின் நம்பரும், 108-ம் அவள் போனில் முதலில் இருக்கட்டும். அவள் ரத்த வகைக்குப் பொருந்துகிற இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வை. வலியின்போது துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்களா என்று ஆஸ்பத்திரியில் கேள்.

என் காலத்தில் வலி வந்துவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், சிக்கல் இல்லாத பெண்கள் வலியின்போது சாப்பிடலாம், குடிக்கலாம் என்று இருக்கிறது. டாக்டர் சரி என்றால் ஃபிளாஸ்க்கில் கஞ்சி, இளநீர் கொண்டுபோ.

இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ விரலில் தொட்டுச் சேனை வைக்க உறவில் யாராவது வாசலிலேயே நிற்பார். ஒரு வயதுவரை தேன் ஆபத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டியது தாய்ப்பால் மட்டும். சண்டை போடாதே. அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் காபி வாங்கிக் கொடு, முடிந்தால் வடையும்.