அந்த வாழைப்பழ வாசனை பொய் இல்லீங்க

கேள்வி: சார், நான் ஓசூர்ல வேலை பாக்கறேன், மொத சீசன்லேருந்தே சிஎஸ்கே ஆளு. ஆஃபீஸ் பசங்க ஆர்சிபி மேட்ச் பாக்கலாம்னு பெங்களூர்ல ஒரு ப்ரூபப்புக்கு (அங்கேயே பீர் காய்ச்சி ஊத்தற பப்பு) இழுத்துட்டுப் போனானுங்க. ஒரு கிளாஸ் பீரைக் கையில வச்சிக்கிட்டு மோந்து மோந்து பாத்து வாழைப்பழ வாசனை வருது, கிராம்பு வருதுங்கறானுங்க, அடுத்த நிமிஷமே கோலி கோலின்னு தொண்டை கிழியக் கத்தறானுங்க. பில்லை ஆறு பங்கா போட்டதுல எனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். வீட்ல டீயும் பஜ்ஜியுமா மேட்ச் பாத்து வளந்தவன் நான். இவனுங்கல்லாம் நெஜமான ரசிகனா, இல்ல வெறும் பந்தாவா?
— ஓசூர் வாசகர்

பதில்: கேள்வி என்னமோ பீரைப் பத்தியும் கிரிக்கெட்டைப் பத்தியும்தான் இருக்கு, ஆனா வயித்தெரிச்சல் மொத்தமும் அந்த ரெண்டாயிரத்துச் சொச்சத்துலதான்னு எனக்குத் தோணுது. நீங்க எத்தனை கிளாஸ் குடிச்சீங்கன்னு எழுதவே இல்ல பாருங்க, கவனிச்சேன்.

சரி, வாழைப்பழத்துக்கு வருவோம். அது பந்தா இல்ல. உங்க பசங்க குடிச்சது அனேகமா ஹெஃபவைசனா இருக்கும், ஜெர்மன்காரன் கோதுமை பீர். அதுல போடற ஈஸ்ட் புளிக்கறப்போ ஐசோஅமைல் அசிடேட்னு ஒண்ணை உண்டாக்கும், வாழைப்பழத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்கறதும் அதேதான், கிராம்பு வாசனையும் அதே ஈஸ்ட்டோட வேலை, யாரும் பழத்தை நசுக்கிப் போடல, எசன்ஸும் ஊத்தல. வடிகட்டாம ஊத்தறதால கிளாஸ் கலங்கலா இருக்கும். வீட்ல அம்மா மாவுக் குண்டானைத் தொறந்து மோந்து பாத்து "இன்னும் புளிக்கலடா"ங்கறாங்களே, அவங்களைப் பந்தா பண்றாங்கன்னு சொல்லுவீங்களா? நமக்கு பீர்னாலே ஸ்ட்ராங்கு, கை விறைக்கிற அளவுக்கு சில்லு, மூச்சு விடாம உள்ள தள்ளணும், அவ்ளோதான் பழக்கம். அந்தக் குளிர்ல எந்த வாசனையும் எட்டிப் பாக்காது. கம்பெனிக்காரனுக்கும் அது சவுகரியம்தான்.

பெங்களூர்ல இந்த மோந்து பாக்கற பழக்கம் 2010ல இந்திராநகர் 100 அடி ரோட்டுல டாய்ட்ங்கற ப்ரூபப் வந்ததுக்கப்புறம் சூடு பிடிச்சது, 2012ல மெக்ராத் ரோட்டுல ஆர்பர்னு இன்னொண்ணு வந்துச்சு, இப்போ தெருவுக்குத் தெரு. இதுல ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல்ங்கற பீரோட கதைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 200 வருஷத்துக்கு மேல இருக்கும், லண்டன்லேருந்து ஹாப்ஸ்ங்கற கசப்புப் பூவைத் தூக்கலா போட்ட பீரு பீப்பாய் பீப்பாயா கப்பல் ஏறி கல்கத்தாவுக்கும் மெட்ராஸுக்கும் வந்துச்சு, பேருலயே இந்தியா ஒட்டிக்கிச்சு, அப்புறம் அமெரிக்காக்காரன் அதைத் தன் இஷ்டத்துக்கு இன்னும் கசப்பாக்கி எடுத்துட்டு வந்து நமக்கே விக்கறான். மெட்ராஸ்ல கரை இறங்கின சரக்கைக் குடிக்க நீங்க அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்ட வேண்டியிருக்கு.

இப்போ ரசிகன் விஷயம். விளையாட்டுக்குள்ள குடி புகுந்துடுச்சுங்கற மாதிரி ஒரு தொனி உங்க கேள்வியில தெரியுது. அய்யா, ஆர்சிபின்னா ராயல் சேலஞ்சர்ஸ், அந்த டீமோட பேரே ஒரு விஸ்கி பேரு. 2008ல விஜய் மல்லையா 111.6 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கினப்போ ராயல் சேலஞ்ச் பாட்டில்ல இருந்ததைக் கொண்டாந்து டீமுக்கு வச்சாரு. டிவியில சரக்கு விளம்பரம் கூடாது, அதனாலதான் சோடான்னும் மியூசிக் சிடின்னும் அதே லேபிளைக் காட்டிக்கிட்டு இருந்தானுங்க, அதுக்கு மேல ஒரு படி ஏறி 11 பேருக்கு ஜெர்சி போட்டு கிரவுண்டுல ஓட விட்டாச்சு. உங்க பசங்க டீம் பேருக்கு ஏத்த எடத்துலதான் உக்காந்திருந்தானுங்க.

நெஜ ரசிகனான்னு அவனுங்களைக் கேக்கற தகுதி சிஎஸ்கே ஆளுக்குக் கொஞ்சம் கம்மிதான், கோவிச்சுக்காதீங்க. அஞ்சு கப் வாங்கின டீமுக்கு விசில் அடிக்க என்ன பெரிய வைராக்கியம் வேணும்? 2016, 17ல டீமே இல்லாம இருந்தீங்க, அதுக்கு வேணா ரெண்டு மார்க். அவனுங்க 2009 ஃபைனல்ல 6 ரன்ல தோத்தானுங்க, 2011ல உங்ககிட்ட, 2016ல சொந்த ஊர்லயே 8 ரன்ல. ஒவ்வொரு வருஷமும் "ஈ சாலா கப் நம்தே"ன்னு, அதாவது இந்த வருஷம் கப் நமக்குத்தான்னு சொல்லி ஊரே சிரிச்சு, கடைசியா 2025 ஜூன் 3 அகமதாபாத்ல பஞ்சாபை ஜெயிச்சானுங்க, அதுவும் அதே 6 ரன்ல. 18வது சீசன்ல. இதைப் பந்தாவுக்காக யாரும் செய்ய மாட்டான்.

மறுநாள் நடந்ததையும் சொல்லணும். சின்னசாமி ஸ்டேடியம் கொள்ளளவு சுமார் 35 ஆயிரம், ஜெயிச்சதைக் கொண்டாட வெளியில வந்து நின்னது லட்சக்கணக்குல, நெரிசல்ல 11 பேர் உயிர் போச்சு. ரசிகர்களைப் பத்தி கோவமா கேள்வி கேக்கணும்னா அவங்களை அப்படி வரவழைச்சவங்களைப் பாத்துக் கேளுங்க, கிளாஸை மோந்தவன பாத்து இல்ல.

உங்க பசங்ககிட்ட நான் கண்ட தப்பு வேற. நல்ல பீரும் டைட் மேட்ச்சும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது. 2016 ஃபைனல் அன்னிக்கு நானும் பெங்களூர்ல ஒரு ப்ரூபப்லதான் இருந்தேன். ஸ்டவுட்னு கருப்பு பீர் ஒண்ணு சொன்னேன், கெயிலும் கோலியும் மொத விக்கெட்டுக்கு 114 அடிச்சாங்க, பக்கத்து டேபிள்காரர் என்னைக் கட்டிப் பிடிச்சாரு, அப்புறம் வரிசையா போயி கடைசியில தோத்து முடிஞ்சப்போ பாத்தா கிளாஸ் அப்படியே இருக்கு, நுரையெல்லாம் போயி சூடாயிடுச்சு. எடுத்துக் குடிச்சா நல்லாத்தான் இருந்துச்சு, சாக்லேட் வாசனையே அப்பதான் தெரிஞ்சுது, ஆனா அதை வாய் விட்டுச் சொல்ற சூழ்நிலை அங்க இல்ல. இங்கிலாந்துல பெரிய ஃபுட்பால் மேட்ச்னா ஆட்டம் கண்ணுக்குத் தெரியற எடத்துல குடிக்கக் கூடாதுன்னு 1985லேருந்து சட்டம், கிரிக்கெட்டுக்கு அது கிடையாது, டெஸ்ட் மேட்ச்ல நாள் பூரா குடிச்சுட்டு காலி கப்பையெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி கேலரி நீளத்துக்கு பாம்பு விடறானுங்க. டெஸ்ட் மேட்ச் பீர் வேகத்துக்கு நடக்கும். டி20ல கடைசி நாலு ஓவர் எவன் கையில எதைக் கொடுத்தாலும் பச்சத் தண்ணி மாதிரி உள்ள போகும், அதுக்கு எதுக்கு நானூறு ரூபா பீரு?

அதனால அடுத்த தடவை கூப்பிட்டா போங்க. குடிக்கற ஆள்னா டாஸுக்கு முன்னாடியே ஒரு கிளாஸ் கோதுமை பீர் சொல்லி நிதானமா முடிச்சிடுங்க, இல்லைன்னா லைம் சோடா, திரும்பி வர்றதுக்கு பஸ்ஸு. பில்லு டேபிளுக்கு வர்றப்போ மட்டும் "ஏம்பா, 2011 ஃபைனல்ல எங்க அஸ்வின் மொத ஓவர்லயே கெயிலை டக்ல தூக்கினாரே, ஞாபகம் இருக்கா"ன்னு மெதுவா எடுத்து விடுங்க. அவனுங்க பதில் யோசிக்கற கேப்புல, குடிச்சவனுக்குக் குடிச்ச அளவுன்னு பில்லைப் பிரிச்சிடுங்க.