இரண்டாவது ஏடிவி: கடனில் புதியதா, கைக்காசில் பழையதா?

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் வசிக்கிறேன். என்னிடம் 2004ஆம் ஆண்டு ஹோண்டா 400இஎக்ஸ் ஸ்போர்ட் ஏடிவி (மலைப்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்று இருக்கிறது. வருடத்தில் ஏழெட்டு வார இறுதிகளில் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைப்பாதைகளுக்குப் போகிறோம். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறோம், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவரும் நன்றாகப் பழகிவிட்டதால் இரண்டாவது வண்டி வாங்க நினைக்கிறோம். இதற்கென்று 5,000 டாலர் சேர்த்திருக்கிறேன். ஷோரூமில் புது யமஹா ராப்டர் 700ஆர் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து 10,500 டாலர் வருகிறது. முன்பணமே வேண்டாம், 10.99 சதவீத வட்டியில் 72 மாதத் தவணை, மாதம் 200 டாலர்தான் என்கிறார்கள். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுத்து வாங்கு என்கிறார் ஒரு நண்பர். பழைய 450 சிசி ரேஸ் வண்டி மலிவாகக் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். வண்டியை என் பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். அவசரச் செலவுக்கு மூன்று மாதப் பணம் தனியாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 200 டாலரைப் பார்த்துவிடுவோம். 10,500 டாலரை 10.99 சதவீதத்தில் 72 மாதம் கட்டினால், கடைசித் தவணை முடியும்போது உங்கள் கையிலிருந்து போயிருப்பது ஏறத்தாழ 14,400 டாலர். அதில் வட்டி மட்டும் 3,900. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய 400இஎக்ஸை அதிலேயே வாங்கிவிடலாம். அதாவது புது வண்டிக்குக் கட்டும் வட்டியிலேயே நீங்கள் தேடும் இரண்டாவது வண்டி அடங்கிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகும் கடனில் சுமார் 7,700 டாலர் பாக்கி நிற்கும். ஏடிவியின் விலை முதல் இரண்டு வருடத்தில்தான் வேகமாக இறங்கும். இதற்குள் மலைப்பாதையில் உரசி, பிளாஸ்டிக் கீறி, ஒரு தடவையாவது கவிழ்ந்திருக்கும் வண்டியை அந்த விலைக்கு விற்பது கஷ்டம். குழந்தை பிறந்து இரண்டு வருடம் பாதைப் பக்கமே போக முடியாமல் போனாலும் தவணை நிற்காது. வருடத்தில் ஏழெட்டு வார இறுதிகளுக்காகப் பன்னிரண்டு மாதமும் கட்டுகிற கடன் வேண்டாம்.

401கே யோசனையை விட்டுவிடுங்கள். நமக்கே வட்டி கட்டிக்கொள்கிறோம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வேலையை விட்டாலோ வேலை போனாலோ, அந்த வருடத்துக்கான வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் மீதிக் கடனை அடைத்தாக வேண்டும். முடியாவிட்டால் அது எடுத்துச் செலவழித்த பணமாகக் கருதப்பட்டு வருமான வரி விழும். 59½ வயது ஆகாதவர்களுக்குப் பொதுவாக அதன் மேல் 10 சதவீத அபராதமும் உண்டு. நீங்கள் எச்1பி விசாவில் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால் இந்த ஆபத்து இரட்டிப்பு. வேலை போனபின் நாட்டில் தங்கக் கிடைக்கும் அதிகபட்ச அவகாசமே 60 நாள், அந்த நேரத்தில் ஓய்வுக்காலக் கணக்கில் ஒரு ஏடிவி கடனும் தொங்கக்கூடாது.

சரி, இருக்கிற 5,000 டாலரில் எதை வாங்கலாம்? என் பதில் நேரானது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அதே குடும்பத்து வண்டியையே வாங்குங்கள். ஹோண்டா 400இஎக்ஸ் 1999இல் வந்தது. 2009 முதல் 400எக்ஸ் என்ற பெயரில் வந்ததும் அடிப்படையில் அதே வண்டிதான். 397 சிசி, காற்றிலேயே குளிரும் எஞ்சின், கார்புரேட்டர், ஐந்து கியர். ரேடியேட்டர் கிடையாது, எனவே பாறையில் இடித்து ரேடியேட்டர் உடையும் செலவும் கிடையாது. எண்ணெய் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் என்று அடிக்கடி மாற்றுகிறவற்றை இரண்டுக்கும் ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மலையில் ஒரு வண்டி நின்றுவிட்டால், மற்றதிலிருந்து பாகத்தைக் கழற்றிப் போட்டுக் கோளாறு எதில் என்று அங்கேயே கண்டுபிடிக்கலாம். ஒன்றைப் பிரித்துக் கற்றுக்கொண்டது மற்றதற்கும் உதவும், மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியில் அது தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் வண்டியிலிருந்து மாறுபடட்டும். 400இஎக்ஸுக்கு ரிவர்ஸ் கியர் வந்தது 2005இல். உங்கள் 2004 வண்டியில் அது இல்லை. குறுகலான பாதையில் எதிரே மரம் விழுந்து கிடந்தால் 170 கிலோவை இறங்கிப் பின்னால் இழுப்பது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். மனைவி தனியாக ஒரு வண்டியில் வரப்போகிறார் என்றால் 2005ஆம் ஆண்டு அல்லது அதற்குப் பிந்தையதையே தேடுங்கள். அதற்காக இருநூறு முந்நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம். இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் செலவு செய்யச் சொல்வது இதற்கும் ஹெல்மெட்டுக்கும்தான்.

ஹோண்டா நல்லதாக அமையாவிட்டால் சுசுகி குவாட்ஸ்போர்ட் இசட்400 பாருங்கள். 2003இல் வந்தது, திரவக் குளிர்ச்சி, ரிவர்ஸ் உண்டு, ஹோண்டாவைவிடக் கொஞ்சம் துடிப்பானது. வாங்குபவர்கள் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கவாசாகி கேஎஃப்எக்ஸ்400, ஆர்க்டிக் கேட் டிவிஎக்ஸ்400 என்று விற்றவையும் இதே வண்டிதான், நிறமும் பெயரும்தான் வேறு. சுசுகி என்று மட்டும் தேடுபவர்கள் கண்ணில் இவை படுவதில்லை, அதனால் பேரம் பேச இடம் கிடைக்கும். எஞ்சினின் இடது பக்கமோ மேல் பக்கமோ விடாமல் கடகடவென்று சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் ஓடும் செயினை இறுக்கிப் பிடிக்கும் கேம் செயின் டென்ஷனரைச் சந்தேகப்படுங்கள், இந்த வண்டியில் அது தெரிந்த பலவீனம்.

450 ரேஸ் வண்டி வேண்டாம். யமஹா ஒய்எஃப்இசட்450, ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் எல்லாம் அருமையான இயந்திரங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவை மோட்டோகிராஸ் தடத்துக்குச் செய்தவை. பாறைகளுக்கு நடுவே மெதுவாக ஊரும்போது அணைந்து அணைந்து போகும். இந்த இரண்டிலும் ரிவர்ஸும் இல்லை. வால்வு இடைவெளி பார்ப்பது, பிஸ்டன் மாற்றுவது எல்லாம் ஓடிய மணிக்கணக்கை வைத்துச் செய்ய வேண்டியவை. 2,500 டாலருக்கு ஒரு 450 கிடைக்கிறது என்றால், எஞ்சின் வேலைக்கு நேரம் வந்துவிட்டதால்தான் அவர் விற்கிறாரோ என்று முதலில் யோசியுங்கள். அந்த வேலைக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆகிவிடலாம். ராப்டர் 700 பழையது கிடைத்தால்? பாதைக்கு ஏற்ற வண்டிதான், ரிவர்ஸும் உண்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ளது உங்கள் தொகை முழுவதையும் விழுங்கிவிடும்.

உங்கள் மனைவிக்கு 400இன் எடையும் கிளட்சும் சிரமமாக இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்போது ஹோண்டா 250 வரிசை. அதில் 2006இல் வந்த ஸ்போர்ட்கிளட்ச் இருந்தால் கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றலாம், செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்பதால் பராமரிப்பும் குறைவு. இதை அவரே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யட்டும். இரண்டாவது வண்டியை அதில் உட்காரப் போகிறவர் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், அது ஷெட்டிலேயே நிற்கும்.

இப்போது பணத்தைப் பிரிப்போம். உங்கள் கேள்வியில் விடுபட்டுப்போன பெரிய செலவு டிரெய்லர். இந்த வண்டிகள் கிட்டத்தட்ட 46 அங்குல அகலம், ஆறடி நீளம். பிக்கப்பில் ஒன்றுதான் நிற்கும். இரண்டாவதுக்கு ஐந்துக்கு எட்டடி டிரெய்லர் ஒன்று வேண்டும், பழையது ஆயிரம் டாலர் அளவில் தேடலாம். ஆகவே வண்டிக்கு 2,700, டிரெய்லருக்கு 1,000, வரிக்கும் டைட்டிலுக்கும் (உரிமைப் பத்திரம்) 300, வாங்கியவுடன் செய்யவேண்டிய வேலைகளுக்கு 600, மனைவிக்கு ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், கையுறைக்கு 400. ஹாட்ஃபீல்ட்-மெக்காயில் ஹெல்மெட் கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேலைகளுக்கான அந்த 600 டாலரை வேறு எதற்கும் தொடாமல் வைத்திருங்கள். பழைய வண்டியில் செயின், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), டயர், பேரிங் என்று ஏதாவது ஒன்று முதல் சீசனிலேயே கேட்கும். இந்தத் தொகை உங்களிடம் இல்லாவிட்டால் அது கிரெடிட் கார்டில் ஏறும், மறுபடி அதே வட்டிக் கதை.

வாங்கும் காலமும் விலைதான். வசந்தத்தில் வரி ரீஃபண்ட் வந்தவுடன் எல்லோரும் வண்டி தேடுவார்கள், விலை ஏறும். நவம்பர் முதல் ஜனவரி வரை விற்பவர்களுக்குக் கராஜில் இடம் வேண்டும், கிறிஸ்துமஸுக்குக் காசும் வேண்டும். அப்போது கையில் ரொக்கத்தோடு போகிறவருக்குத்தான் பேரம் படியும். அதுவரை டிரெய்லரை மட்டும் தேடிக்கொண்டிருங்கள்.

பார்க்கப் போகும்போது, நான் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனவுடன் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளம்பாத வண்டியை உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கலாம். இயக்கியபின் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது. சீட்டைக் கழற்றி, ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு உள்பக்கம் விரலால் தடவுங்கள். ஃபில்டரைத் தாண்டி மண் போயிருந்தால், எஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். 400இஎக்ஸில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். அதனால் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியபின் எண்ணெய் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். இந்த எஞ்சினில் தண்ணீர்க் குளிர்ச்சி இல்லாததால், எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் ஆழமான தண்ணீருக்குள் ஓட்டியிருக்கக்கூடும்.

அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் பால் ஜாயின்டோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டில் இருந்து விரலால் இழுங்கள், பற்கள் தெரியும் அளவுக்கு விலகினால் செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டும் போச்சு. இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலையைக் குறைக்கக் காரணம், அவ்வளவுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம் மாட்டும் இடத்தில் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) விரிசல் விட்டிருந்தாலோ மறுபடி வெல்டிங் செய்திருந்தாலோ மட்டும் பேரமே பேச வேண்டாம். ஹை-கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டிருக்கிறேன், இவ்வளவு செலவு செய்திருக்கிறேன் என்று விற்பவர் சொன்னால், அந்தச் செலவுக்கு நீங்கள் ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தரவேண்டியதில்லை. மாற்றம் செய்யாத வண்டிதான் பிறகு விற்கவும் எளிது.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். வீட்டு இன்சூரன்ஸ் பொதுவாக உங்கள் இடத்துக்கு வெளியே உங்கள் ஏடிவியால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பேற்காது. இரண்டு வண்டி ஆனவுடன் வரும் நண்பர்களுக்கும் ஓட்டக் கொடுப்பீர்கள், யாராவது இன்னொருவர்மேல் மோதிவிட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். இரண்டு வண்டிக்கும் சேர்த்து லயபிலிட்டி பாலிசி எடுங்கள், உங்கள் அனுமதியோடு ஓட்டும் மற்றவர்களுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தப் பிரீமியத்தை மாத வருமானத்திலிருந்து கட்டலாம், 200 டாலர் தவணையோடு ஒப்பிட்டால் சிறியது.

கடைசியாகக் காகிதம். விலை பேசுவதற்கு முன்பே வண்டியின் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து, டைட்டிலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திருட்டு வண்டியா என்று தேசிய இன்சூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். டைட்டிலில் ஏதாவது வங்கியின் பெயர் கடன் கொடுத்தவராக இருந்தால், அந்தக் கடன் அடைந்ததற்கான கடிதம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ஒஹாயோவில் விற்பவரின் கையெழுத்து நோட்டரி முன்னிலையில்தான் போடப்பட வேண்டும். அதனால் விற்பவரையும் கவுண்டி டைட்டில் அலுவலகத்துக்கே வரச் சொல்லி, கையெழுத்து ஆனதைக் கண்ணால் பார்த்தபின் பணத்தைக் கொடுத்து, டிரெய்லரில் வண்டியை ஏற்றுங்கள்.