கணக்கு வராமல் இல்லை

கேள்வி: ஐயா, என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் 532 மதிப்பெண் வாங்கினான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தான். முதல் செமஸ்டரிலேயே கணக்கு உட்பட மூன்று அரியர். “எனக்கு இது வராதும்மா, மாமாவோட லேத் பட்டறைக்கே போறேன்” என்கிறான். எங்கே தப்பு நடந்தது?
- ஒரு தாய், அரூர்

பதில்: அம்மா, 31 வருடம் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியிருக்கிறேன். உங்கள் மகனைப் போல நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. அவனுக்கு மண்டையில் ஏறாமல் இல்லை.

ஒரு பையனை என் அறைக்கு வரவழைத்து ‘ஐகன் வேல்யூ’ என்ற மேட்ரிக்ஸ் கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். பேனாவைத் திறக்கவே இல்லை. நோட்டைப் புரட்டினால், ஓரமெல்லாம் பென்சிலில் ‘டிட்டர்மினன்ட்’, ‘மேட்ரிக்ஸ்’ என்று நான் சொன்ன வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். “டிட்டர்மினன்ட்னா அணிக்கோவைதாம்பா, அதைப் பூஜ்ஜியத்துக்குச் சமமா வை” என்றேன். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டான். “இதைப் பதினொன்னுலயே போட்டோமே சார்” என்றபோது அவன் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் அவன் ஒருநாளும் சந்தேகம் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமே என்ற பயம். அது எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2021ல் வந்த இந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தால் இந்தப் பிள்ளைகளுக்கு இடமும் கிடைத்தது, கல்விக் கட்டணம், விடுதிச் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது. பெரிய காரியம். ஆனால் ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, ஊருக்கு வர பஸ் காசு? சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறானா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணி வரை பந்தி பரிமாறிவிட்டு வந்தால் திங்கட்கிழமை வகுப்பில் தூக்கம்தான் வரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையன்களுக்கு அரசு தரும் தமிழ்ப் புதல்வன் பணம் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் பாருங்கள். வரவில்லையென்றால் கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அரியரை அடுத்தடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், அதற்காகப் படிப்பை விட வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு கணக்குப் புத்தகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடத்தை மட்டும் முதலில் ஒருமுறை போடச் சொல்லுங்கள். அப்புறம், அவன் வீட்டுக்கு வரும்போது “எத்தனை அரியர்” என்று கேட்காதீர்கள். “எந்தக் கணக்குல நின்னுட்ட?” என்று கேளுங்கள். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும்.